கீழே ஆறு பட்டை, மேலே ஒன்று: இது போலியா?

பழம்பொருள் பிரியன் | 4 ஜனவரி 2025, இரவு 9.12

ஒரு டப்பா நிறையத் துணிச் சின்னங்கள் கைக்கு வந்திருக்கின்றன. அமெரிக்க விமானப்படைச் சிப்பாய்கள் கையில் தைத்துக்கொள்வது என்று சொல்லிக் கொடுத்தார்கள். நடுவில் வட்டத்துக்குள் நட்சத்திரம், இரண்டு பக்கமும் இறக்கை விரித்த மாதிரி மேலேறும் பட்டைகள். ஒன்றில் கீழே ஆறு பட்டை, மேலே கூரை மாதிரி ஒரு பட்டை. இணையத்தில் கிடைக்கும் எந்த அட்டவணையிலும் கீழே ஐந்துக்கு மேல் இல்லை. ஆகவே இது சினிமாவுக்குத் தைத்த போலி என்பது என் முடிவு. மூன்று பட்டைச் சின்னமும் இரண்டு இருக்கிறது. ஒன்றில் நட்சத்திரம் வெள்ளை, இன்னொன்றில் நீலம். சாயம் ஏறிவிட்டதா?

கைப்பட்டை | 4 ஜனவரி, இரவு 10.05

போலி இல்லை, தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது சீனியர் மாஸ்டர் சார்ஜென்ட், சம்பள நிலை இ-8. அந்தப் பதவி 1958இல் உருவானதிலிருந்து 1991 வரை அதற்கு இதுதான் சின்னம். நீங்கள் பார்த்த அட்டவணை 1991 அக்டோபர் மாற்றத்துக்குப் பிந்தையது.

நீல நட்சத்திரமும் சாயம் ஏறியதல்ல. அப்படியே நெய்தது. அதைத் தனியாக எழுதுகிறேன்.

கைப்பட்டை | 5 ஜனவரி, காலை 6.40

முதலில் எண்ணும் முறை. மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் சேர்த்து மொத்தப் பட்டைகளை எண்ணுங்கள். அதோடு ஒன்றைக் கூட்டினால் சம்பள நிலை வந்துவிடும். பட்டையே இல்லாதவர் இ-1. ஒரு பட்டை இ-2, மூன்று பட்டை இ-4, ஆறு பட்டை இ-7, எட்டுப் பட்டை இ-9. தொடக்கத்திலிருந்து இன்றுவரை இந்தக் கணக்கு பிசகவில்லை. பதவிப் பெயர்கள் பலமுறை மாறின, வடிவம் மாறியது, மொத்த எண்ணிக்கை மட்டும் அசையவே இல்லை.

1991இல் மாறியது மேலும் கீழும் பிரித்த விதம். அதற்கு முன் மாஸ்டர் சார்ஜென்டுக்கு ஆறு பட்டையும் கீழேயே இருந்தன. சீனியர் மாஸ்டர் சார்ஜென்டுக்குக் கீழே ஆறு, மேலே ஒன்று. சீஃப் மாஸ்டர் சார்ஜென்டுக்குக் கீழே ஆறு, மேலே இரண்டு. 1991இல் கீழே ஐந்தோடு நிறுத்திவிட்டு மிச்சத்தை மேலே ஏற்றினார்கள். மாஸ்டர் ஐந்தும் ஒன்றும், சீனியர் ஐந்தும் இரண்டும், சீஃப் ஐந்தும் மூன்றும் ஆனார்கள். உங்கள் கையில் இருப்பது ஆறும் ஒன்றும், ஆக ஏழு. இன்றைய சீனியருக்கு ஐந்தும் இரண்டும், அதுவும் ஏழு.

இதில் தவறும் இடம் ஒன்று உண்டு. மேல்பட்டையை மட்டும் பார்த்துப் பதவி சொல்லக்கூடாது. மேலே ஒன்று என்றால் இன்றைக்கு மாஸ்டர், 1990இல் சீனியர். பழைய படத்தை இன்றைய அட்டவணையோடு ஒப்பிடுபவர்கள் ஒருவரை ஒரு படி இறக்கி எழுதிவிடுவது இதனால்தான். கீழே ஆறு இருந்தால் 1991க்கு முந்தைய சின்னம், ஐந்துக்கு மேல் கூரை இருந்தால் பிந்தையது. ஐந்தே பட்டை, மேலே ஒன்றும் இல்லை என்றால் டெக்னிக்கல் சார்ஜென்ட். அது 1948இலிருந்து அப்படியே இருப்பதால் அதை வைத்துக் காலம் சொல்ல முடியாது.

கைப்பட்டை | 5 ஜனவரி, காலை 7.15

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். “தொடக்கத்திலிருந்து” என்றது பட்டைக்குச் சரி, இ-எண்ணுக்குச் சரியல்ல. இ-1, இ-2 என்ற எண்கள் 1949 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத்தோடு வந்தவை. அதற்கு முன் தரைப்படையின் பழைய எண் வரிசை தலைகீழாக இருந்தது. முதல் நிலை என்றால் மாஸ்டர் சார்ஜென்ட், ஏழாம் நிலை என்றால் பிரைவேட். 1948ஆம் ஆண்டுத் தாள் ஒன்றில் “மூன்றாம் நிலை” என்று கண்டால் அவர் ஸ்டாஃப் சார்ஜென்ட், கடைநிலைக்காரர் அல்லர். ஏழு நிலைகளில் நடுவில் இருந்த சார்ஜென்ட் மட்டும் இரண்டு கணக்கிலும் நான்குதான்.

கைப்பட்டை | 5 ஜனவரி, இரவு 9.30

இந்த வடிவம் எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட்டு நீல நட்சத்திரத்துக்குப் போகிறேன்.

1947 செப்டம்பர் 18 அன்று விமானப்படை தனிப்படை ஆனது. ஆனால் உடுப்பு, பதவிப் பெயர், பட்டை எல்லாம் தரைப்படையுடையதாகவே தொடர்ந்தன. 1948 மார்ச் 9 அன்று வாஷிங்டனில் உள்ள போலிங் தளத்தில் புதிய கைச்சின்னத்துக்கான மாதிரிகளை 150 சார்ஜென்டுகளிடம் காட்டிக் கருத்துக் கேட்டார்கள். கேட்டவர் தலைமைத் தளபதி ஹாய்ட் வாண்டன்பெர்க். 55 விழுக்காட்டினர் இப்போதுள்ள வடிவத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏறத்தாழ 80 பேரின் விருப்பம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்த 80 பேர் சொன்னதைத்தான் இன்றுவரை லட்சக்கணக்கானோர் கையில் தைத்துக்கொண்டிருக்கிறார்கள். படத்தை வரைந்தவர் பெயர் பதிவாகவில்லை. அணிபவர்களையே கேட்டு ஒரு படைச் சின்னத்தை முடிவு செய்தது அந்தக் காலத்தில் பெரிய விஷயம். வடிவம் இத்தனை ஆண்டு தாக்குப்பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தரைப்படையின் வான் பிரிவினர் தோளில் அணிந்த சின்னத்தில் நட்சத்திரமும் இறக்கைகளும் இருந்தன. புதிய வடிவம் அதன் சாயல். வெள்ளி கலந்த சாம்பல் நிறம், வரப்போகும் நீல உடுப்பில் பளிச்சென்று தெரிவதற்காக. நீல வானத்தில் மேகம் என்றும் சொல்வார்கள். அந்த நீல உடுப்புக்கு ஒப்புதல் 1949 ஜனவரியில்தான் கிடைத்தது. ஆகையால் புதிய சின்னம் பழைய தரைப்படை உடுப்பின் மேல் இருப்பதைக் கண்டு “தவறாகத் தைத்துவிட்டார்கள்” என்று தள்ளிவிடக்கூடாது. அந்த இடைக்காலத்துக்கு அதுதான் இயல்பு.

கைப்பட்டை | 5 ஜனவரி, இரவு 9.50

திருத்தம். 1948 மார்ச்சில் வாண்டன்பெர்க் துணைத் தலைமைத் தளபதி. அப்போது தலைமைத் தளபதி கார்ல் ஸ்பாட்ஸ். வாண்டன்பெர்க் அந்தப் பொறுப்புக்கு வந்தது அந்த ஏப்ரல் கடைசியில். ஒன்றரை மாத வித்தியாசம்தான், ஆனாலும் தவறு தவறுதான்.

கைப்பட்டை | 6 ஜனவரி, இரவு 8.20

இப்போது மூன்று பட்டை. இந்தப் படையின் சின்ன வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்த ஒரு துணித்துண்டுதான். மூன்று பட்டை, நடுவில் வெள்ளி நட்சத்திரம். இதே சின்னத்தின் பொருள் நான்கு முறை மாறியிருக்கிறது.

1948 முதல் 1952 வரை இதை அணிந்தவர் சார்ஜென்ட். ஆணையிடும் உரிமை உள்ள என்.சி.ஓ., அதாவது அதிகாரி அல்லாத சிப்பாய்த் தலைவர்.

1952 ஏப்ரல் 24 அன்று பெயர்கள் மாறின. பிரைவேட், பிரைவேட் ஃபர்ஸ்ட் கிளாஸ், கார்ப்பரல், சார்ஜென்ட் என்ற நான்கும் போய் பேசிக் ஏர்மேன், ஏர்மேன் தேர்டு கிளாஸ், செகண்ட் கிளாஸ், ஃபர்ஸ்ட் கிளாஸ் என்று ஆயின. மூன்று பட்டைக்காரர் ஒரே நாளில் சார்ஜென்டிலிருந்து ஏர்மேன் ஃபர்ஸ்ட் கிளாஸ் ஆனார். என்.சி.ஓ. தகுதியும் போயிற்று. கையில் இருந்த துணி அப்படியே. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே: என்.சி.ஓ. என்ற பெயர் தாங்கியவர்கள் அளவுக்கு மீறிப் பெருகிவிட்டால் யார் யாரை மேய்ப்பது? ஆணையிடுபவர்கள் உண்மையிலேயே ஆணையிட வேண்டுமானால் அந்தக் கூட்டம் சிறியதாக இருக்க வேண்டும் என்று நினைத்தார்கள். ஆகவே நான்கு பட்டையிலிருந்துதான் என்.சி.ஓ. என்று கோடு கிழித்தார்கள்.

1967 அக்டோபர் 19 அன்று மீண்டும் சார்ஜென்ட், மீண்டும் என்.சி.ஓ. மற்றப் படைகளில் இ-4 நிலையில் உள்ள கார்ப்பரலும் கடற்படையின் மூன்றாம் வகுப்புப் பெட்டி ஆபீசரும் என்.சி.ஓ.க்கள். விமானப்படையின் இ-4 மட்டும் இல்லை என்பது உறுத்தலாக இருந்தது. போதாததற்கு, இ-4 ஆக வேண்டுமானால் அவர் தொழிலில் 5ஆம் திறன்நிலையை எட்டியிருக்க வேண்டும். ஸ்டாஃப் சார்ஜென்டிடம் கேட்ட அதே திறன்நிலை. திறமையை முழுதாகக் கேட்டுவிட்டு மரியாதையைப் பாதியாகக் கொடுத்தது 15 ஆண்டு நடந்தது.

1976இல் மூன்றாவது மாற்றம். இ-4 நிலையையே இரண்டாகப் பிளந்தார்கள். புதிதாக இ-4 ஆனவர் சீனியர் ஏர்மேன், அவர் என்.சி.ஓ. அல்ல. ஏறத்தாழ ஓராண்டு கழித்து, மேற்பார்வைப் பயிற்சியும் முடித்தபின் அவரைச் சார்ஜென்டாக அமர்த்துவார்கள். சம்பளம் ஒன்றுதான். இருவருக்கும் மூன்று பட்டை. பிறகு எப்படி அடையாளம் காண்பது? சீனியர் ஏர்மேனுக்கும் அவருக்குக் கீழே இருந்த ஒரு பட்டை, இரண்டு பட்டைக்காரர்களுக்கும் நட்சத்திரத்தை நீலமாக்கினார்கள். சார்ஜென்ட் ஆன நாளில் நட்சத்திரம் வெள்ளியாகும். உங்கள் டப்பாவில் இருக்கும் நீல நட்சத்திரம் இதுதான்.

1991இல் இ-4 சார்ஜென்ட் என்ற பதவிக்கு ஆள் சேர்ப்பதை நிறுத்தினார்கள். ஏற்கெனவே இருந்தவர்கள் மேலே ஏறும்வரையோ வெளியேறும்வரையோ வைத்துக்கொண்டார்கள். சீனியர் ஏர்மேன் மட்டும் மிஞ்சினார், நட்சத்திரம் எல்லோருக்கும் வெள்ளிக்குத் திரும்பியது.

ஆக, வெள்ளி நட்சத்திரத்தோடு மூன்று பட்டை கிடைத்தால் அதை அணிந்தவர் சார்ஜென்டா ஏர்மேனா என்பதை அந்தத் துணியை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது. சட்டை, பெயர்ப்பட்டி, பக்கத்தில் நிற்பவர்களின் பட்டை ஏதாவது ஒன்று துணைக்கு வேண்டும். நீல நட்சத்திரம் அப்படியல்ல. 1976க்கும் 1991க்கும் இடைப்பட்டது என்று அடித்துச் சொல்லலாம்.

பழம்பொருள் பிரியன் | 6 ஜனவரி, இரவு 9.02

அப்படியானால் 1977இல் எடுத்த படத்தில் ஒரு பட்டைக்காரர் வெள்ளி நட்சத்திரத்தோடு இருந்தால் தேதி தப்பா?

கைப்பட்டை | 6 ஜனவரி, இரவு 9.25

தப்பு என்று சொல்ல மாட்டேன். ஒரு படை முழுவதும் ஒரே நாளில் சட்டை மாற்றாது. ஆணை ஒரு தேதி, துணி ஆலையிலிருந்து வருவது இன்னொரு தேதி, தையல்காரரிடம் கொடுப்பது மூன்றாவது தேதி. ஒருவரிடம் நாலைந்து சட்டை இருக்கும், ஒவ்வொன்றிலும் இரண்டு கைக்கும் மாற்ற வேண்டும். மாற்றத்துக்கு ஒட்டிய ஓரிரு ஆண்டுகளில் பழைய சின்னம் தென்பட்டால் படத்தைச் சந்தேகிக்க வேண்டாம். புதிய சின்னம் ஆணைக்கு முந்தைய தேதியில் தென்பட்டால்தான் சந்தேகிக்க வேண்டும்.

கையிருப்புத் துணியே ஒரு முடிவைத் தலைகீழாக்கியதும் உண்டு. 1952இல் கீழ்நிலை மூன்று ஏர்மேன்களுக்கும் சாய்ந்த பட்டைக்குப் பதிலாகக் கிடைக்கோட்டுப் பட்டை என்று முடிவெடுத்து, வாண்டன்பெர்க் ஒப்புதலும் கொடுத்துவிட்டார். சாய்வுப் பட்டை சார்ஜென்டுகளுக்கு மட்டும் என்றால் அதற்கு மதிப்புக் கூடும் என்பது எண்ணம். ஆனால் பழைய சின்னங்கள் மலைபோல் குவிந்திருந்தன. தீர்ந்தபின் மாற்றலாம் என்று தள்ளிப்போட்டார்கள். தீர்வதற்கு 1956 ஆகிவிட்டது. அதற்குள் தலைமைக்கு நேதன் ட்வைனிங் வந்திருந்தார். மார்ச்சில் கோப்பு அவரிடம் போனது. சின்னத்தில் மாற்றம் எதுவும் வேண்டாம் என்று சுருக்கமாக எழுதித் திருப்பிவிட்டார். அதோடு முடிந்தது. கிடைக்கோட்டுப் பட்டைச் சின்னத்தை “அந்தக் காலத்தில் அணிந்தது” என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். அது படைக்கு வழங்கப்படவே இல்லை.

மொழிபெயர்ப்பாளி | 7 ஜனவரி, பிற்பகல் 2.10

ஒரு விமானப்படை வீரரின் நினைவுக்குறிப்பைத் தமிழில் பெயர்த்துக்கொண்டிருக்கிறேன். 1965இல் “ஏர்மேன் ஃபர்ஸ்ட் கிளாஸ்” என்று வருபவர், 1968இல் பதவி உயர்வு எதுவும் சொல்லாமலேயே “சார்ஜென்ட்” ஆகிவிடுகிறார். அவருக்குக் கீழே வேலை பார்த்த பையன் அந்த ஆண்டில் “ஏர்மேன் ஃபர்ஸ்ட் கிளாஸ்”. எழுதியவர் குழம்பிவிட்டாரா?

கைப்பட்டை | 7 ஜனவரி, மாலை 6.45

அவர் குழம்பவில்லை அம்மா, சரியாகவே எழுதியிருக்கிறார். 1967 அக்டோபரில் பெயர்கள் ஒரு படி நகர்ந்தன. மூன்று பட்டை ஃபர்ஸ்ட் கிளாஸ், சார்ஜென்ட் ஆனார். இரண்டு பட்டை செகண்ட் கிளாஸ், ஃபர்ஸ்ட் கிளாஸ் ஆனார். ஒரு பட்டை தேர்டு கிளாஸ், வெறும் ஏர்மேன் ஆனார். யாருக்கும் பட்டை கூடவில்லை, சம்பள நிலையும் மாறவில்லை. ஆகவே “ஏர்மேன் ஃபர்ஸ்ட் கிளாஸ்” என்றால் 1952 முதல் 1967 வரை இ-4, அதற்குப் பிறகு இ-3. அடிக்குறிப்புப் போடுவதானால் இந்த ஒரு வரி போதும்.

பெயர்ப்பதில் கவனிக்க இன்னும் இரண்டு. “ஏர்மேன்” என்ற சொல் 1950 பிப்ரவரி 20 முதல் அதிகாரி அல்லாத எல்லோருக்குமான பொதுப்பெயர். தரைப்படைக்குச் சோல்ஜர், கடற்படைக்குச் செய்லர் இருப்பதுபோல் தங்களுக்கு ஒரு சொல் வேண்டும் என்று வாண்டன்பெர்க் இட்ட ஆணை. தனிப் பதவிப் பெயராக, இ-2க்கு உரியதாக, அது 1967இல்தான் வருகிறது. பொதுப்பெயராக வரும் இடத்தில் “விமானப்படை வீரர்” என்று தமிழாக்கலாம். பதவியாக வரும் இடத்தில் “ஏர்மேன்” என்றே விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, ஸ்டாஃப் சார்ஜென்ட். விமானப்படையில் அது இ-5, தரைப்படையில் இ-6. இரண்டு படைக்காரர்கள் ஒரே அறையில் இருக்கும் காட்சி வந்தால், இருவருக்கும் ஒரே பதவிப் பெயர் இருந்தாலும் தரைப்படைக்காரர்தான் மூத்தவர். யார் யாருக்கு “நீங்கள்”, யார் யாரை “நீ” என்பதை இதை வைத்தே முடிவு செய்யுங்கள். அங்கே பேச்சில் இ-9ஐச் “சீஃப்” என்று மட்டும் விளிப்பார்கள். நான்கு பட்டை முதல் ஆறு பட்டை வரை எல்லோரையும் “சார்ஜென்ட்” என்று கூப்பிட்டால் போதும், முழுப்பெயர் வேண்டியதில்லை. மூலத்தில் பேச்சில் “சார்ஜென்ட்” என்று வந்ததை வைத்து அவரை மூன்று பட்டைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள்.

கைப்பட்டை | 8 ஜனவரி, காலை 6.30

மேல்பட்டை ஏன் வந்தது என்று சொல்லவில்லை. 1950களில் மாஸ்டர் சார்ஜென்ட்தான் உச்சி. அதற்கு மேல் போக இடமில்லாமல் அனுபவசாலிகள் அத்தனை பேரும் அந்தப் படியிலேயே நெருக்கியடித்து நின்றார்கள். 1958 மே 20 அன்று வந்த ஊதியச் சட்டம் இ-8, இ-9 என்று இரண்டு படிகளைத் திறந்தது. இ-8 மொத்தச் சிப்பாய்களில் 2 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது, இ-9 ஒரு விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது.

முதல் தேர்வு எவ்வளவு கடுமை என்று பாருங்கள். அந்த மே, ஜூன் மாதங்களில் ஏறத்தாழ 45,000 மாஸ்டர் சார்ஜென்டுகள் மேற்பார்வைத் தேர்வு எழுதினார்கள். 15,000 பேர் அதிலேயே கழிந்தார்கள். மிச்சம் 30,000 பேரைக் குழுக்கள் சலித்து 2,000 பேரை எடுத்தன. 22 பேருக்கு ஒருவர். உங்கள் டப்பாவில் இருக்கும் ஆறும் ஒன்றும் அப்படி ஒருவர் கையில் இருந்ததாகவும் இருக்கலாம்.

சின்னத்துக்கு வந்த யோசனைகளில் கூடுதல் நட்சத்திரம் வைப்பது பலருக்குப் பிடித்திருந்தது. ஆனால் நட்சத்திரம் ஜெனரல்களின் அடையாளம். குழப்பம் வரும் என்று விட்டுவிட்டார்கள். பழைய ஆறு பட்டைக்கு மேல் எதிர்த் திசையில் ஒன்றோ இரண்டோ பட்டை வைத்து, இடையில் நீல வெளி விட்டார்கள். பின்னாளில் அந்த நீல வெளி மிகவும் பயன்பட்டது, அதைக் கீழே சொல்கிறேன்.

கைப்பட்டை | 8 ஜனவரி, காலை 7.05

இதோடு சேர்ந்த ஒன்று. புதிய இரண்டு படிகள் வந்ததும், சார்ஜென்டுகளுக்கும் அதிகாரிகளுக்கும் இடையில் இருந்த வாரண்ட் ஆபீசர் பதவி தேவையில்லை என்று 1959இல் புதிதாக அமர்த்துவதை நிறுத்திவிட்டார்கள். இருந்தவர்கள் ஓய்வுபெறும்வரை இருந்தார்கள். “அமெரிக்க விமானப்படையில் வாரண்ட் ஆபீசரே கிடையாது” என்று பல இடங்களில் இன்னும் எழுதியிருக்கும், இனி அது செல்லாது. கணினி, இணையப் பாதுகாப்புப் பணிகளுக்காக 2024இல் அந்தப் பதவியை மீண்டும் கொண்டுவந்தார்கள். முதல் குழு அந்த டிசம்பரில் அலபாமாவில் உள்ள மேக்ஸ்வெல் தளத்தில் பயிற்சி முடித்தது.

தாம்பரத்துக்காரர் | 8 ஜனவரி, இரவு 8.40

நம்ம ஊர் விமானப்படையில் கார்ப்பரலுக்கு இரண்டு, சார்ஜென்டுக்கு மூன்று, அதோடு சரி. இவர்கள் ஏன் ஆறு வரை கொண்டுபோனார்கள்? நம்மிடமும் பட்டையின் கூர் கீழ்நோக்கித்தான், அவர்களிடமும் அப்படியே. அங்கிருந்து வந்ததா?

கைப்பட்டை | 8 ஜனவரி, இரவு 9.55

இல்லை ஐயா. நம்முடையது பிரிட்டிஷ் வழி. 1932இல் தொடங்கியபோது வீரர்களை ஹவாய் சிப்பாய் (இந்தியில் வான் சிப்பாய்) என்றே அழைத்தார்கள். ஏர்கிராஃப்ட்மேன், லீடிங் ஏர்கிராஃப்ட்மேன், கார்ப்பரல், சார்ஜென்ட், வாரண்ட் ஆபீசர் என்ற பெயர் வரிசை முழுக்க ராயல் ஏர்ஃபோர்ஸின் வரிசை. பிரிட்டிஷ்காரர்கள் மூன்று பட்டையோடு நிறுத்திவிட்டு மேலே கிரீடம், அரசுச் சின்னம் என்று போனார்கள். கீழேயும் பட்டையை விட்டுவிட்டு விமானத்தின் சுழல்விசிறியை வைத்தார்கள்: லீடிங் ஏர்கிராஃப்ட்மேனுக்கு இரண்டு இதழ், சீனியருக்கு மூன்று, ஜூனியர் டெக்னிஷியனுக்கு நான்கு. லீடிங், சீனியர் ஏர்கிராஃப்ட்மேன் என்ற பெயர்களையும் 2022 ஜூலையில் ஏர் ஸ்பெஷலிஸ்ட் என்று மாற்றிவிட்டார்கள்.

அமெரிக்கர்களுடையது வேறு தர்க்கம். ஒவ்வொரு படிக்கும் ஒரு பட்டை, வேறு உருவம் கூடாது. கூர் கீழ்நோக்கி இருப்பது அங்கே தனித்துத் தெரியும், ஏனென்றால் அவர்களின் தரைப்படைக்கும் மரீன்களுக்கும் கூர் மேல்நோக்கி. நமக்குக் கண் பழகியது என்பதால் வித்தியாசம் படுவதில்லை, அவ்வளவுதான்.

கைப்பட்டை | 9 ஜனவரி, இரவு 8.15

நீல வெளியில் வரும் குறிகள்.

வைரக்கட்டம் இருந்தால் அவர் ஃபர்ஸ்ட் சார்ஜென்ட். இது பதவி அல்ல, பொறுப்பு. படைப்பிரிவுத் தலைவருக்கு ஆட்களின் நலம், ஒழுங்கு, வீட்டுப் பிரச்சினை வரை கவனித்துச் சொல்பவர். பொறுப்பு முடிந்தால் வைரத்தைப் பிரித்துவிட வேண்டும், பட்டை அப்படியே இருக்கும். 1954 செப்டம்பரில் ட்வைனிங் ஒப்புதல் கொடுத்தார், மறு ஆண்டில் கைக்குக் கிடைத்தது.

ஒற்றை நட்சத்திரம் மேலே இருந்தால் கமாண்ட் சீஃப், அதாவது தளபதிக்குச் சிப்பாய்கள் சார்பில் ஆலோசனை சொல்லும் சீஃப் மாஸ்டர் சார்ஜென்ட். 1998 நவம்பரிலிருந்து. அதற்கு முந்தைய படத்தில் இதைத் தேடிப் பயனில்லை.

நடு நட்சத்திரத்தைச் சுற்றி மாலை இருந்தால் விமானப்படையின் சீஃப் மாஸ்டர் சார்ஜென்ட், படை முழுவதற்கும் ஒருவர். 1967 ஏப்ரலில் முதலில் பொறுப்பேற்றவர் பால் ஏரி. அவருடைய சின்னம் ஆறும் இரண்டும், மாலையோடு. 1991க்குப் பின் ஐந்தும் மூன்றும், மாலையோடு. 2004 நவம்பரிலிருந்து மேல் வெளியில் நாட்டு முத்திரையும் இரண்டு பக்கமும் ஒவ்வொரு நட்சத்திரமும் சேர்ந்தன. ஆக, ஒரே பதவிக்கு மூன்று சின்னங்கள். எது யாருடையது என்பதை ஆண்டை வைத்துச் சுலபமாகப் பிரிக்கலாம்.

பால் ஏரியைப் பற்றி ஒரு வரி சொல்லாமல் போக மனம் வரவில்லை. பதவி உயர்வுக்குப் புள்ளிக்கணக்கு முறை 1970இல் வந்ததில் அவருக்குப் பெரும் பங்கு. தொழில் தேர்வு, பொதுத் தேர்வு, பணி மதிப்பீடு, பதவியில் இருந்த காலம், மொத்தப் பணிக்காலம், பதக்கங்கள் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் புள்ளி. இந்தக் கணக்குப் பல பத்தாண்டு நின்றது. யார் தயவும் இல்லாமல், தனக்கு எத்தனை புள்ளி, எங்கே குறைந்தது என்று ஒவ்வொரு சிப்பாயும் தெரிந்துகொள்ள முடிந்தது. பட்டையின் வடிவத்தைவிட இது பெரிய மாற்றம் என்பேன்.

பழம்பொருள் பிரியன் | 10 ஜனவரி, மாலை 7.30

அளவு பார்த்தேன். சில 4 அங்குலம், சில 3 அங்குலம். சின்னவை பெண்களுடையதா?

கைப்பட்டை | 10 ஜனவரி, இரவு 8.10

1948இல் அப்படித்தான் வைத்தார்கள். ஆண்களுக்கு 4 அங்குலம், பெண்களுக்கு 3. ஆனால் 1961இல் வந்த மெல்லிய காக்கி நிறச் சட்டையில் ஆண்களும் 3 அங்குலத்தையே தைக்க வேண்டும் என்று முடிவானதும், “பெண்கள் அளவு” என்ற பெயரை “சிறிய அளவு” என்று மாற்றினார்கள். எனவே 3 அங்குலம் என்பதை மட்டும் வைத்துப் பெண் என்று எழுதாதீர்கள்.

அளக்கும்போது வெளித்துணியின் ஓரத்திலிருந்து அளக்காதீர்கள், அதைத் தையல்காரர் வெட்டியிருப்பார். பட்டையின் இடது நுனியிலிருந்து வலது நுனிவரை அளக்க வேண்டும். துணி சுருங்கியிருந்தாலும் ஒரு நூல் முன்னே பின்னே வரும்.

கைப்பட்டை | 10 ஜனவரி, இரவு 8.50

நாடகத்துக்குத் தைப்பவர்கள் கேட்பார்கள் என்பதால் இதையும் எழுதிவிடுகிறேன். சின்னம் வரும் இடம், முழங்கையைச் செங்கோணமாக மடக்கிய நிலையில் தோள்தையலுக்கும் முழங்கைக்கும் சரிபாதி. கையை நீட்டி அளந்தால் தவறிவிடும். இரண்டு கையிலும் தைக்க வேண்டும். முதலில் சட்டையைத் துவைத்துச் சுருக்கம் போக்கிவிட்டுத் தையுங்கள், இல்லாவிட்டால் முதல் துவையலில் சட்டை சுருங்கும், சின்னம் சுருங்காது, நடுவில் உப்பிக்கொள்ளும். நடு நட்சத்திரத்தின் ஒரு முனை நேரே தோள்தையலைப் பார்க்க வேண்டும். சிறிது சாய்ந்தாலும் தூரத்திலிருந்தே தெரியும்.

இன்றைய களச்சட்டைக்கு இது பொருந்தாது. 2018 அக்டோபரில் அனுமதித்து 2021 ஏப்ரலில் கட்டாயமாக்கிய உடுப்பில் சின்னம் கையில் இல்லை, நெஞ்சின் நடுவில், ஒட்டுப்பட்டியில். வெள்ளி போய்ப் பழுப்பு நூல்.

கைப்பட்டை | 11 ஜனவரி, காலை 6.20

நூலைச் சோதிக்கப் புற ஊதா விளக்கு சொல்வார்கள். பழைய பருத்தி நூல் மங்கலாக இருக்கும், பிற்காலச் செயற்கை நூல் பளிச்சென்று ஒளிரும். இதை முழுதாக நம்ப வேண்டாம். சலவைத்தூளில் ஒளியூட்டும் பொருள் கலந்திருப்பதால், துவைத்த பழைய பருத்தியும் ஒளிரும். முன்பக்கத்தோடு பின்பக்கத்தையும், நூல் அடர்ந்த இடத்தின் உள்மடிப்பையும் பாருங்கள். எல்லா இடமும் ஒரே சீராக ஒளிர்ந்தால் நூலே புதியது. திட்டுத் திட்டாக ஒளிர்ந்தால் சலவை.

பழம்பொருள் பிரியன் | 11 ஜனவரி, இரவு 9.00

டப்பாவின் அடியில் கடைசியாக ஒன்று. கீழே ஐந்து, மேலே ஒன்று, நடு நீல வெளியில் வைரம். கூடவே நட்சத்திரமும் வட்டமும் இல்லாமல் அறுகோணத்துக்குள் ஏதோ முக்கோணம் மாதிரி ஒன்றும் கிடக்கிறது.

கைப்பட்டை | 11 ஜனவரி, இரவு 9.20

முதலாவது, ஃபர்ஸ்ட் சார்ஜென்ட் பொறுப்பில் இருந்த மாஸ்டர் சார்ஜென்ட், 1991 அக்டோபருக்குப் பிந்தையது. அறுகோணம் விமானப்படையே இல்லை. 2019இல் பிரிந்த விண்வெளிப் படையுடையது. ஆறாவது படை என்பதற்காக ஆறு பக்கம். அந்தச் சின்னங்களை 2021 செப்டம்பரில்தான் வெளியிட்டார்கள். அதைத் தனி உறையில் போடுங்கள். மற்ற உறைகளின் மேல் பதவிப் பெயரை எழுதாமல் “கீழே 6, மேலே 1, வெள்ளி நட்சத்திரம், 4 அங்குலம்” என்று கண்ணால் கண்டதை முதலில் எழுதுங்கள். பதவியையும் ஆண்டையும் அதன் கீழே பென்சிலில்.